கன்னத்தில் ஓர் அங்குல நிழல்

திருகோணமலையில் வெயிலுக்கு ஒளிந்து வாழ்வது, கலியாண வீட்டுக்குப் போய் ஒருவர் கண்ணிலும் படாமல் சாப்பிட்டுவிட்டு வருவதைப் போன்றது. செய்யலாம். ஆனால் பிறகு எல்லாரும் அதைப்பற்றித்தான் கதைப்பார்கள்.

எனக்கு அந்தக் காரியம் ஐம்பத்தொரு வயதில் வாய்த்தது. இடது கன்னத்தில் மிளகு அளவில் ஒரு மச்சம். இருபது வருடமாகச் சும்மா கிடந்தது. போன வருடம் அதற்கு என்ன தோன்றியதோ, அகலிக்கத் தொடங்கியது, ஓரம் குழம்பியது, சவரம் செய்யும்போது இரத்தம் கசிந்தது. ஒருநாள் காலை மனைவி என் தாடையைப் பிடித்து யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். நேரே சேலை மாற்றப் போனாள். அரை மணித்தியாலத்தில் இருவரும் ஆஸ்பத்திரியில் நோயாளர் காத்திருக்கும் வாங்கில் இருந்தோம்.

வெட்டி எடுத்தார்கள், தைத்தார்கள், எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வீட்டில் வானொலிகூட மெதுவாகத்தான் பாடியது. பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்ன நிமிடத்தில் எழும்பி ஓடவேண்டும் போலிருந்தது, கடலடிக்கு, சந்தைக்கு, எங்கேயாவது. பாதி எழும்பியும் விட்டேன்.

“இருங்கோ, நான் இன்னும் சொல்லி முடிக்கேல்லை” என்றார் டொக்டர். என்னிலும் பதினைந்து வயது இளையவராக இருப்பார், கண்டிப்பான பெண். “தையல் வெட்டியாச்சு, தோலும் வடிவா மூடிட்டுது. ஆனா இது பிறந்த பிள்ளையின்ர தோல் மாதிரி. வெயில் பட்டால் கறுக்கும். எங்கட நிறத்துக்கு இன்னும் கெதியாக் கறுக்கும். கறுத்தால் லேசிலை மாறாது.”

“எத்தினை நாளைக்கு டொக்டர் கவனமா இருக்கோணும்?”

“ஒரு வருசம்.”

“வருசமோ!”

“வெளிக்கிட முதல் சண் கிறீம் பூசோணும். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் பூசோணும். வேர்த்தால், முகம் கழுவினால் உடனே பூசோணும். அகலமான தொப்பி, குடை. முகில் மூடியிருக்கெண்டு விடக்கூடாது. கடல்கரையிலை குடைக்குக் கீழை நிண்டாலும் மணலிலையும் தண்ணியிலையும் பட்டு வெயில் கீழாலை வரும். என்ன வேலை நீங்கள்?”

“நிலாவெளியிலை ஒரு ஹோட்டல். முன்மேசை, வாறவையைப் பதியிற வேலை.”

“உள்ளுக்கை இருந்து செய்யிற வேலைதானே, நல்லது.”

மனைவி சிரித்தாள். “டொக்டர், இவர் பத்து நிமிசம் ஒரு இடத்திலை இருந்தால் கதிரையே திரும்பிப் பார்க்கும்.”

அது உண்மை. எங்கள் வீடு இருக்கிற லிங்கநகரில் இருந்து பஸ் நிலையத்துக்கு மூன்று பாதைகள் இருந்தால் நான் மூன்றிலும் போகிற ஆள். ஆனால் அன்று டொக்டரிடம் நான் கொடுத்த வாக்கு பகிடிக்குக் கொடுத்ததல்ல. அதற்கு என் வலது கையில் காரணம் இருந்தது.

பதினான்கு வயதில் கூரையில் சிக்கிய பட்டத்தை எடுக்க ஏறினேன், தகரம் கீறியது, முழங்கைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தையல் போட்டார்கள். வெயிலில் காட்டாதே என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா? பச்சைத் தழும்போடு முழு விடுமுறையும் கடலில் குளித்தேன். அது கறுத்துத் தடித்து, கருப்பட்டிப் பாகை ஊற்றிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. இருபத்திரண்டு வயதில், யுத்தகாலத்தில், ஓர் இராணுவச் சோதனைச்சாவடியில் அந்தக் கையைப் பிடித்து “இது என்ன?” என்று கேட்டார்கள். பட்டம் என்றேன். நம்பவில்லை, சண்டையில் பட்ட காயம் என்று நினைத்தார்கள். தெரிந்த மொழியில், அரைகுறையாய்த் தெரிந்த மொழியில், கடைசியில் மணலில் வாலோடு ஒரு பட்டம் கீறிக்கூடச் சொன்னேன். மத்தியானம் இருத்தியவர்கள் பொழுதுபட விட்டார்கள். அடிக்கவில்லை, ஏசவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் முழுக்கைச் சட்டைக்காரன்.

கையை மூடலாம். முகத்துக்கு முழுக்கைச் சட்டை கிடையாது. கன்னத்தின் நடுவே கறுத்த வெட்டுக்கோட்டோடு இந்த ஊரில் மிச்ச வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு வாசலிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு ஏலாது. விளக்கம் கேட்காத ஒரு முகம் வேண்டும். ஓர் அங்குலத் தழும்பு, அது மங்கி, தோலோடு தோலாய்ப் போகவேண்டும். அதற்கு விலை ஒரு வருட நிழல் என்றால் சரி, நிழல்.

நிழல் என்று சொல்வது லேசு. இந்த ஊரில் வெயில் ஒரு திசையால் வருவதில்லை. மேலிருந்து வருகிற வெயில் ஒன்று. உள்துறைமுகத் தண்ணீர் திருப்பி அனுப்புகிற வெயில் இன்னொன்று. தகரக் கூரையும் மோட்டர்சைக்கிள் கண்ணாடியும் கழுவி வைத்த மீன்பெட்டியும் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி அடுத்தவன் முகத்தில் எறிந்து விளையாடும். நான் அந்த விளையாட்டில் ஐம்பது வருடம் பந்தாக இருந்தவன். இப்போதுதான் முதன்முதலாகக் குனியக் கற்றுக்கொண்டேன்.

கிறீம் அடுத்த சங்கடம். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் பூசவேண்டும் என்று மனைவி அளவு கேட்டுவந்திருந்தாள். அவள் அளவென்றால் அளவு. நான் கஞ்சத்தனமாகத் தொட்டுத் தடவினால் பின்னால் நின்று “இன்னொரு விரல் எங்கை?” என்பாள். அந்த வெள்ளை என் நிறத்தில் கரையாது. கண்ணாடியில் பார்த்தால் சுண்ணாம்படித்த மதில் மீசை வைத்த மாதிரி இருக்கும்.

முதல் நாள் பஸ்ஸில் ஏறியதும் கொண்டக்டர் என்னை உற்றுப் பார்த்தார். பதினைந்து வருடப் பழக்கம், ஞாயிறு நான் போகிற மாதா கோயில் எது, என் குடும்பம் எது எல்லாம் தெரிந்தவர்.

“அண்ணை, நீங்கள் வேதக்காரர் எல்லோ?”

“ஓம், ஏன்?”

“இல்லை, முகம் முழுக்கத் திருநீறு. எப்ப சைவத்துக்கு வந்தனீங்கள்?”

பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் சிரிக்காமல், “ஆர் எந்தச் சாமியைக் கும்பிட்டால் என்ன தம்பி, சுகம் வந்தால் சரி” என்று என் கையைத் தட்டிவிட்டார். அதற்குப் பிறகு அது கிறீம் என்று சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் பஸ்ஸில் ஒரு பெரிய கண்டுபிடிப்புச் செய்தேன். காலையில் நிலாவெளிக்கு வடக்கு நோக்கிப் போகிறோம், சூரியன் வலப்பக்கம், கடல் மேல். பின்னேரம் தெற்கு நோக்கித் திரும்புகிறோம், சூரியன் மேற்கே இறங்கியிருக்கும், அதுவும் வலப்பக்கம். போனாலும் வந்தாலும் வலக்கன்னம்தான் வேகும். என் தழும்போ இடக்கன்னத்தில். மச்சம் முளைக்கும்போதே பஸ் பாதையைப் பார்த்து முளைத்திருக்கிறது! இதை வீட்டுக்கு ஓடிவந்து மேசையில் கோப்பையும் கரண்டியும் வைத்து மனைவிக்கு விளங்கப்படுத்தினேன். அவள் கரண்டியை எடுத்துக் குசினிக்குள் கொண்டுபோனாள். “அப்ப நிலாவெளியிலை வேலை செய்யிற ஒருத்தருக்கும் இடக்கன்னத்திலை கிறீம் வேண்டாம், அப்பிடியோ? பேசாமல் பூசுங்கோ.”

ஹோட்டலில் எல்லாமே தலைகீழ். பாதி உலகத்தைப் பறந்து கடந்து வந்த விருந்தினர்கள், என் மேசையில் அறைத் திறப்பை வாங்கிக்கொண்டு நேரே கடற்கரைக்குப் போய் வெயிலில் மல்லாந்து கிடப்பார்கள். ஒரு பக்கம் வெந்ததும் மறுபக்கம் திரும்புவார்கள். கறுக்க வந்தவர்களுக்கும் கறுக்காமலிருக்கப் பாடுபடுகிறவனுக்கும் நடுவே ஒரு மேசைதான் எல்லை.

என் பலவீனம் அந்தக் கடற்கரையில்தான் இருந்தது. ஹோட்டல் மதிலுக்கு அந்தப் பக்கம் கரைவலை இழுப்பார்கள், கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுப்பது. வேலை தொடங்க முன் அரை மணித்தியாலம் அங்கே போய் நிற்காவிட்டால் எனக்கு நாள் விடியாது. தழும்பு வந்த பிறகு ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு போகாமலிருந்தேன். பிறகு போனேன், மனைவியின் ஊதாக் குடையோடும் பெரிய தொப்பியோடும் வெள்ளை முகத்தோடும், தழும்பின்மேல் ஒரு தோல்நிற ஒட்டுத்துண்டும் ஒட்டிக்கொண்டு. வேப்பமர நிழலுக்குள் குடை விரித்து நிற்கிற ஆம்பிளையை நிலாவெளி அதற்கு முன் கண்டிருக்காது.

“பொம்பிளையைக் காணேல்லை, குடையும் பூச்சுமா மாப்பிள்ளை மட்டும் வந்து நிக்கிறார்!” கயிற்றின் முன்னால் நின்றவர் கத்தினார். அந்தக் கூட்டத்தில் வாய் கூடியவர் அவர்தான். மூச்சுவாங்க இழுக்கும்போதும் வாய் ஓயாது.

“முகத்திலை என்ன அண்ணை?” என்று பின்னால் இன்னொருவர் கேட்டார்.

அந்தக் கேள்விதான். சோதனைச்சாவடியில் கேட்ட அதே கேள்வி. “ஒண்டுமில்லை” என்றேன், தொப்பியை இன்னும் இறக்கினேன்.

ஒன்றுமில்லை என்று குடைக்குள்ளிருந்து சொன்னால் யார் நம்புவார்கள்? அடுத்த கிழமைக்குள் என் கன்னத்துக்குப் பல வரலாறுகள் பிறந்துவிட்டன. நாய் கடித்தது என்றார் ஒருவர். இல்லை, ஹோட்டலில் ஒரு வெள்ளைக்காரி அடித்தது என்றார் மற்றவர். வாய்க்காரர் வைத்த கதைதான் எல்லாவற்றிலும் எடுப்பு: மனைவி அகப்பையால் எறிந்தாளாம், நான் குனிந்தேனாம், குனிந்த இடத்தில் அம்மி இருந்ததாம். அவர் அதை நடித்தும் காட்டுவார். எனக்கே ஒருமுறை சிரிப்பு வந்து குடை ஆடியது. ஆனாலும் ஒட்டுத்துண்டைக் கழற்றிக் காட்ட மனம் வரவில்லை. காட்டினால் விளக்கவேண்டும். விளக்கத் தொடங்கினால் பொழுதுபடும் என்று ஒரு பழைய பயம் உள்ளே இருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது.

அப்படி ஒரு காலை. தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற கச்சான் காற்று விடியமுதலே எழும்பியிருந்தது. இழுப்பு ஆட்கள் இரண்டு பேர் வரவில்லை, எங்கேயோ கலியாணம். வலை கனம். சம்மாட்டியார், வலைக்குச் சொந்தக்காரர், அறுபத்தைந்து வயது, அதிகம் பேசமாட்டார், மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, ஒரு கை போடுமன்.”

இந்த இடத்தில் கரைவலையின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். கயிற்றில் யாரும் கை வைக்கலாம், விருந்தாளியும் வைக்கலாம். ஆனால் வைத்த கையை வலையின் மடி, மீன் சேருகிற பை, கரைக்கு வரும்வரை எடுக்கக்கூடாது. ஓராள் விட்டால் அந்தப் பக்கம் தளரும், தளர்ந்த பக்கத்தால் மீன் போய்விடும். எனக்கு இது பதினைந்து வருடமாகத் தெரியும். தெரிந்துகொண்டும், பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்று நினைத்து, வலது கையால் கயிற்றைப் பிடித்தேன். இடது கையில் குடை.

“ரெண்டு கையாலும் பிடி அண்ணை, இது மணவறைக் கால் இல்லை!”

வாய்க்காரர் சொல்லி முடிக்கவும் காற்று ஒருமுறை விசிறவும் சரியாக இருந்தது. குடை மேல்நோக்கி மலர்ந்து, கையைவிட்டுப் பறந்து, மணலில் உருண்டு உருண்டு கடலை நோக்கி ஓடியது. பின்னாலேயே தொப்பி. பதினெட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கயிற்றை விட ஒருவராலும் ஏலாது. என்னாலும் ஏலாது. தண்ணீரின் ஓரத்தில் எங்கள் ஹோட்டல் விருந்தினர் ஒருவர், மூன்று நாளாய் வெயிலில் கிடந்து மூக்குத் தோல் உரிந்த பெண், எழும்பி ஓடிப்போய்க் குடையைப் பிடித்தார். நன்றி என்று கத்தினேன். அவர் அதை மடக்கி, விரித்து, சரிபார்த்து, மணலில் குத்தி, அதன் கீழே நிம்மதியாகப் படுத்துக்கொண்டார்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் கயிறு ஓராள் நீளத்துக்குக் கடலுக்குத் திரும்பப் போனது. “சிரிச்சது காணும், இழுங்கோடா!” என்றார் சம்மாட்டியார். அவருக்கும் வயிறு குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

கரைவலை இழுக்கும்போது கடலைப் பார்த்துக்கொண்டு பின்பக்கமாக அடி வைக்கவேண்டும். எங்கள் கடல் கிழக்கே. காலைச் சூரியன் கிழக்கே. பஸ்ஸில் நான் கண்டுபிடித்த அத்தனை சாத்திரமும் அங்கே கிழிந்தது. இரண்டு கன்னத்திலும் வெயில், கீழே தண்ணீரிலிருந்தும் வெயில். பத்து நிமிடம் அரை மணியாகி, அரை மணி ஒன்றரை மணியாகியது. வியர்வை பெருகி, கிறீம் உருகிக் கண்ணுக்குள் இறங்கியது. எரிவில் ஒற்றைக் கண்ணால்தான் உலகத்தைப் பார்த்தேன்.

“ஐயோ, மாப்பிள்ளையின்ர வெள்ளை கரையுது!”

கடைசியில் அந்த ஒட்டுத்துண்டும் ஊறி, ஒரு முனை விட்டு, மற்ற முனையும் விட்டு, என் சட்டையில் விழுந்தது. முன்னால் நின்ற வாய்க்காரர் திரும்பிப் பார்த்தார். கயிற்றை விடாமலே கழுத்தை வாத்துமாதிரி நீட்டினார்.

“எங்கை?”

“எது எங்கை?” என்றேன்.

“காயம்.”

“இதுதான்.”

“இதுவோ?” அவர் குரலில் இருந்த ஏமாற்றத்தை நான் மறக்கமாட்டேன். “டேய், இஞ்சை பாருங்கோடா. எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி ஒரு கோடு. இதுக்கோ அண்ணை இவ்வளவு நாளும் குடை, தொப்பி, திருநீறு? நான் அம்மி வரைக்கும் யோசிச்சு வைச்சிருந்தேனே!”

“மச்சம் எடுத்தது” என்றேன். வந்துவிட்டது வாயிலிருந்து. “வெட்டி எடுத்தது. வெயில் பட்டால் கறுக்குமெண்டு டொக்டர் சொன்னவா. அதுதான்.”

“மச்சமோ?”

“மச்சம்தான்.”

“ஆ” என்றார். திரும்பி இழுக்கத் தொடங்கிவிட்டார். அவ்வளவுதான். அடுத்த கேள்விக்காகக் காத்து நின்றேன். மணலில் கீறிக் காட்டக்கூடத் தயாராக இருந்தேன். எல்லாரும் வலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பின்னால் நின்ற சம்மாட்டியார் மட்டும், “அப்ப ஏன் தம்பி வெயிலுக்கை நிக்கிறீர்?” என்றார், கோபத்தோடு.

“நீங்கள்தானே கூப்பிட்டனீங்கள்!”

“மச்சம் வெட்டினதெண்டு ஆர் சொன்னது எனக்கு? அகப்பை எண்டெல்லோ சொன்னாங்கள்.” தோளில் கிடந்த துண்டை ஒற்றைக் கையால் உருவி என் தலைமேல் எறிந்தார். அது முகத்தை மூடி, கழுத்துவரை தொங்கியது. வெளுக்காத துண்டு, சூடைமீனும் புகையிலையும் கலந்த வாசம். அதற்குள் குருடனாய் நின்று மிச்ச வலையையும் இழுத்தேன்.

அன்று வேலைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்திப் போனேன். பின்னேரம் கறிக்கென்று கொடுத்த சூடைப் பையோடு வீட்டுக்கு வந்தபோது மனைவி பையை வாங்கவில்லை. தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“கறுத்திருக்கு.”

“கொஞ்சமோ?”

“கொஞ்சம் எண்டு நான் சொன்னேனோ? மீனைக் காட்டி என்னைச் சமாளிக்கலாமெண்டு பார்க்கிறீங்கள். குடை எங்கை?”

குடையின் வரலாற்றைச் சொன்னேன். அவள் கோபத்தைப் பிடித்துவைக்கப் பாடுபட்டாள். வெள்ளைக்காரி குடையைக் குத்திவைத்துப் படுத்த இடத்தில் தோற்றுப்போய்க் குசினிச் சுவரில் சாய்ந்து சிரித்தாள். பிறகு பையைப் பிரித்துக்கொண்டே, “நாளையிலிருந்து திருப்பிக் கணக்கு, முதலாம் நாள்” என்றாள்.

கறுத்ததுதான். எறும்புத்தடம் இப்போது தேயிலைச் சாயத்தில் நனைந்த நூல்போல இருந்தது. கிளினிக்கில் டொக்டர் விரலால் தடவிப் பார்த்து, தடிக்கவில்லை, மங்கும், ஆனால் நேரம் எடுக்கும், கிறீமை விடவேண்டாம் என்றார். என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது மனைவி முந்திக்கொண்டு, “மீன்பிடிக்கப் போனவர்” என்றாள். டொக்டர் என் வெளுத்த சட்டையையும் நகத்தையும் பார்த்துவிட்டு ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த முறை நான் கடற்கரைக்குப் போனபோது, கயிற்றுப் பக்கம் போகாமல் வேப்பமரத்தோடு நின்றேன். சம்மாட்டியார் கூப்பிடவில்லை. தானே நடந்து வந்தார். கரைக்கு வருகிற கயிற்றை ஒருவர் இருந்து வளையம் வளையமாகச் சுற்றிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை தோணியில் போகும்போது சிக்கும். அந்த வேலை எப்போதும் வெட்டவெளியில்தான் நடக்கும். அவர் கயிற்றின் நுனியை இழுத்துக்கொண்டு வந்து மரத்தடியில் போட்டார்.

“இனி இஞ்சை சுத்துவம். நீர் இரும்.”

“மாப்பிள்ளைக்கு இருந்த இடத்திலை வேலை!” என்று முன்னால் சத்தம் வந்தது.

இப்படித்தான் பத்து நிமிடம் கதிரையில் இருக்காதவன் தினமும் அரை மணித்தியாலம் நிழலில் கால் மடித்துச் சப்பாணி கட்டி இருக்கப் பழகினேன். கை ஓடுகிறது, கயிறு ஓடுகிறது, கால் பேசாமல் இருக்கிறது. முகத்தில் இரண்டு விரல் அளவு வெள்ளை, வேர்த்தால் இன்னொரு விரல். டொக்டர் சொன்ன ஒரு வருடத்தில் இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, மனைவியின் கணக்கில் ஏழு. ஒட்டுத்துண்டை விட்டுவிட்டேன். தோல் மூடியபிறகு அது மருந்துக்கு ஒட்டியதல்ல, மறைக்க ஒட்டியது.

போன கிழமை கிண்ணியாவிலிருந்து மீன் எடுக்க வருகிற வியாபாரி ஒருவர், புது ஆள், மோட்டர்சைக்கிளை மரத்தடியில் நிறுத்தினார். பெட்டியை அவிழ்த்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார், குனிந்தும் பார்த்தார்.

“கன்னத்துல என்ன காக்கா, வெட்டோ?” என்றார், தன் ஊர் வழக்கில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல.

நான் வாயைத் திறக்கமுதல் கயிற்றின் அந்தத் தலையிலிருந்து பதில் வந்தது. “வாள்மூக்குக் கொப்பூர் மீன் குத்தினது! கடலுக்கை மூண்டு நாள் சண்டை!”

வியாபாரி திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

“மச்சம் வெட்டினது” என்றார் சம்மாட்டியார், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “தம்பி, கயிறு நனைஞ்சு கிடக்கு. இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சுத்தும்.”

இறுக்கிச் சுற்றினேன்.